தப்பை கட்டுகிறவள்

அந்தத் தடவை தையல்காரி கட்டுப் போட்டுக்கொள்ள வரவில்லை.

கட்டுக்காரி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பழைய போர்வையை நீளநீளமாகக் கிழித்து வைத்திருந்தாள். இரண்டு முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைக் கிண்ணத்தில் விட்டிருந்தாள். மூங்கிலை விரல் அகலத்துக்குச் சீவிச் செய்த தப்பைகளை முழங்கைக்கு ஏற்ற நீளத்தில் பொறுக்கி வரிசையாக வைத்திருந்தாள். முறிந்த எலும்பின் இரண்டு பக்கமும் அணைவாக வைத்துத் துணியால் சுற்றினால் எலும்பு நகராமல் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் தம்பியின் குரல் ஏறும்போதே அவள் கை துணியைக் கிழிக்க ஆரம்பித்துவிடும். அன்றும் குரல் ஏறியது, பிறகு பாத்திரம் உருண்டது. அதற்கப்புறம் சின்னதாக ஒரு சத்தம். வேறு யார் கேட்டாலும் ஏதோ குச்சி ஒடிந்தது என்றுதான் நினைப்பார்கள்.

தம்பியின் பெண்டாட்டியான தையல்காரி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். இடது கையை வலது கையால் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"இங்க வா, உக்காரு" என்றாள் கட்டுக்காரி.

அவள் நிற்கவில்லை. காலால் துழாவிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மூலையில் இருந்த குடையை எடுத்தாள், ஒரு கையால் விரிக்க முடியாது என்று தெரிந்ததும் அங்கேயே சாய்த்து வைத்தாள். மழை விடாமல் பிடித்த வாரம் அது. தெருவில் மரத்தூள் கலந்து ஓடிய செம்மண் தண்ணீரில் அவள் நனைந்துகொண்டே போவதைக் கட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி வந்து எட்டிப் பார்த்தான்.

"அவ எங்க அக்கா?"

"போயிட்டா."

"கட்டலையா நீ?"

"என்னை ஏறெடுத்தே பாக்கல."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பின்பக்கம் போய்விட்டான். சற்று நேரத்தில் மரம் இழைக்கும் சத்தம் கேட்டது. மர மில்லில் ரம்பம் ஓட்டுகிறவன் அவன். வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் பின்பக்கக் கூரைக்கடியில் உட்கார்ந்து அக்காவுக்குத் தப்பை சீவுவான். சிராய் குத்தாமல், ஓரம் உறுத்தாமல், உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து அவ்வளவு பதமாகச் சீவுவான். அவன் சீவிய தப்பைதான் இரண்டு தடவை அவன் பெண்டாட்டி உடம்பில் ஏறியிருந்தது.

அந்தத் தெருவில் பாதிப் பேர் மில்லை நம்பிப் பிழைக்கிறவர்கள். மரம் சரிவதும், காலில் கட்டை விழுவதும், சுமை ஏற்றும்போது தோள் கழன்றுகொள்வதும் அங்கே மழை வெயில் மாதிரி. அடிபட்டவர்களை முதலில் கட்டுக்காரியின் முன்னறைக்குத்தான் தூக்கி வருவார்கள். அவள் அப்பாவும் கட்டினவர். தம்பிக்கு அந்தக் கை வாய்க்கவில்லை, அவளுக்கு வாய்த்தது. கல்யாணமாகிப் போன இடத்தில் ஒட்டாமல் திரும்பி வந்தவளை, "நீ ஏன் அக்கா அழுவுற, இது உன் வீடு" என்று தம்பிதான் உள்ளே கூட்டிக்கொண்டு போனான். வீடு என்னவோ அவன் பேரில்தான் இருந்தது. அவன் கெட்டவன் என்று தெருவில் யாரையும் சொல்லவைக்க முடியாது. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சுகிறவன். கோபம் வந்தால் மட்டும் கை முந்திக்கொள்ளும். அது வெளியில் யார் மேலும் முந்தியதில்லை.

தையல்காரி தானாகவே பஸ் ஏறி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மாவுக்கட்டு போட்டார்கள். எப்படி ஆச்சு என்று கேட்ட நர்ஸிடம் நடந்ததைச் சொல்லியிருந்தாள். அங்கிருந்து போலீஸ், அங்கிருந்து இலவச சட்ட உதவி மையம். வீட்டுக்குத் திரும்பவில்லை. வேலை பார்த்த தையல் கடையின் பின்னால், துணிக்கட்டுகள் அடுக்கிய அறையில் கடைக்காரம்மா அவளுக்குப் படுக்க இடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் வக்கீலம்மா கட்டுக்காரியைத் தேடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கனமான பை. அடிபட்டவர்கள் உட்காரும் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"பையை ஒரே தோள்ல மாட்டாதீங்கம்மா. கழுத்து ஒரு பக்கமா இழுத்திருக்கு, கொஞ்சம் காட்டுங்க" என்று கட்டுக்காரி கையை நீட்டினாள்.

"ஐயோ, நான் வைத்தியத்துக்கு வரல" என்று வக்கீலம்மா சிரித்தாள். சிரிப்பு உடனே வடிந்துவிட்டது. "உங்க தம்பி பெண்டாட்டி விஷயமா வந்தேன். இந்தத் தடவை நடந்ததுக்கு ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு. ஒரே ஒரு தடவைன்னா புருஷன் பெண்டாட்டி சண்டைன்னு ஊதித் தள்ளிடுவாங்க. முன்னாடியும் நடந்ததுன்னு காட்டணும். அதுக்கு உங்களைத் தவிர ஆள் கிடையாது."

"படம் எடுத்தாங்களே, அதுல தெரியாதா?"

"தெரியுது. வலது கையையும் படம் எடுத்ததுல பழைய முறிவு ஒண்ணு இருக்கு, நல்லா சேர்ந்திருக்குன்னு டாக்டர் எழுதிட்டார். எப்ப முறிஞ்சது, எதனால முறிஞ்சதுன்னு அவரால சொல்ல முடியாதாம்."

"எனக்குத் தெரியும்மா" என்றாள் கட்டுக்காரி. தன் முன்கையைத் தூக்கிக் காட்டினாள். "கீழ விழுந்தா கையை ஊனுவோம். மணிக்கட்டுப் பக்கம்தான் போகும். மேல வர்ற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினா, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நட்ட நடுவுல போகும். அவளுக்கு நடுவுல. அதுக்கு முந்தின வருஷம் தோள். அது பிடிச்சு இழுத்ததுல கழண்டது."

வக்கீலம்மா கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்தாள். "இதைத்தான் நீங்க கோர்ட்ல சொல்லக் கூடாது."

"ஏன்?"

"படிக்காம வைத்தியம் பார்த்தேன்னு நீங்களே கூண்டுல ஏறி ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்தப் பக்கத்து வக்கீல் அதைப் பிடிச்சுக்கிட்டார்னா உங்க மேல ஒரு கேஸ் வரும். நீங்க சொன்னது எதுவும் எடுபடாது."

"அப்ப நான் யாருன்னு சொல்றது?"

"வீட்ல இருந்த பொம்பளை. பார்த்ததைச் சொல்லுங்க, காதால கேட்டதைச் சொல்லுங்க. எலும்பு பத்திப் பேசவே வேண்டாம். வலிக்குதுன்னா, துணி சுத்தி விட்டேன், சும்மா. அவ்வளவுதான்."

"சும்மா" என்றாள் கட்டுக்காரி.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல. எப்படியும் வாய்தா மேல வாய்தாதான் போகும்" என்று எழுந்தவள் வாசல் வரை போய்விட்டு, பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

கட்டுக்காரி ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போனாள். ஐந்தாறு மிஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. தையல்காரியின் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி தரையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட கையால் சட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு அண்ணி."

"வலி இருக்கா?"

"இருக்கு."

கட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டின் முனையில் தெரிந்த விரல்கள் வீங்கியிருந்தன. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. தையல்காரி அதைப் பார்த்துவிட்டுக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"விரலை அப்பப்ப மடக்கி நீட்டு. இல்லன்னா மரத்துப் போயிடும்."

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா?" கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "போன தடவை நாலு நாளைக்கு ஒருதரம் கட்டை அவிழ்த்துப் பார்த்தீங்க. எண்ணெய் போட்டீங்க, நீவி விட்டீங்க. கொஞ்சம்கூடக் கோணாம சேர்த்து வச்சீங்க. திரும்ப மிஷின்ல உக்காந்தேன். எல்லாரும் கேட்டாங்க, இந்தக் கையா ஒடிஞ்சிருந்ததுன்னு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு."

"அதுக்கென்ன?"

"அன்னைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல அந்த ஏட்டு என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்னாடி எங்க ஒடிஞ்சதும்மா, ஒண்ணையும் காணோமேன்னான். நீங்க கோணலா கட்டியிருந்தா எங்கிட்ட காட்ட ஒண்ணு இருந்திருக்கும் அண்ணி."

மிஷின் சத்தத்தில் அவள் குரல் பெரிதாகக் கேட்கவில்லை. அவள் கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கட்டுக்காரிக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வழி நெடுக, அவள் சொன்னது சரியா தப்பா என்று பார்க்கவே தோன்றவில்லை. கோணலாக ஒரு எலும்பை எப்படிக் கட்டுவது, தன் கை அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வக்கீலம்மா வந்துபோனதைத் தம்பிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மில்லிலிருந்து வந்தவன், தலையில் இருந்த மரத்தூளைக்கூடத் தட்டாமல் அக்கா எதிரே உட்கார்ந்தான். கையில் இரண்டு டீ கிளாஸ். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சாட்சி சொல்லப் போறியா?"

"கேட்டிருக்காங்க."

"நான் அவளைக் கூப்பிடப் போனேன். கால்ல விழாத குறை. இனிமே நடக்காதுன்னேன். அந்தக் கடைக்காரம்மா கதவைச் சாத்திட்டா." டீயைக் குடிக்காமல் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு உன்னைத் தவிர யாருக்கா இருக்கா?"

"அவளுக்கு யாருடா இருக்கா?"

"நீ என் கூடப் பொறந்தவ."

"அது உனக்கு அப்ப ஞாபகம் வரும். 'அக்கா, வந்து கட்டி விடு'ன்னு கூப்பிடறப்ப."

அவன் தலை குனிந்தான். அழுகிறானோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் நிமிர்ந்தபோது கண் காய்ந்துதான் இருந்தது.

"நீ போய்ச் சொல்லு. நான் தடுக்கல. ஆனா சொல்லிட்டு எங்க வந்து படுப்பேன்னு யோசிச்சுக்கோ. உங்கிட்ட வர்ற ஜனமும் இந்த வீட்டு அட்ரஸுக்குத்தான் வருது."

டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அவள் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.

வக்கீலம்மா சொன்ன மாதிரியே வாய்தா மேல் வாய்தா போயிற்று. ஒரு நாள் நீதிபதி லீவு. ஒரு நாள் தம்பியின் வக்கீல் வரவில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிட்டது. கோர்ட்டுத் தாழ்வாரத்தில் பெஞ்சு கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். எல்லார் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், கொஞ்சம் காகிதம். தையல்காரியும் கட்டுக்காரியும் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் வக்கீலம்மாவின் பை.

கூண்டில் ஏறின அன்று கட்டுக்காரிக்குக் கையைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி பதில் சொன்னாள். சத்தம் கேட்டது. அழுதுகொண்டு வந்தாள். துணி சுத்தி விட்டேன்.

தம்பியின் வக்கீல் எழுந்தார். வயதானவர், தன்மையாகப் பேசுகிறவர்.

"ஏம்மா, உங்களை ஊர்ல கட்டுக்காரம்மான்னுதானே கூப்பிடுறாங்க?"

"சிலபேர் கூப்பிடுவாங்க."

"எதுக்கு அப்படிக் கூப்பிடுறாங்க? எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்ப்பீங்களோ?"

கதவருகே நின்று பெயர் கூப்பிடுகிற டவாலியைக் கட்டுக்காரிக்குத் தெரியும். சைக்கிளிலிருந்து விழுந்து கழன்ற தோளோடு அலறிக்கொண்டு வந்தவன். அவன் இப்போது மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் மில் ஆட்கள் நாலைந்து பேர். ஒருவன் காலை அவள்தான் நிமிர்த்தினாள்.

"தெரியாதுங்க" என்றாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்க்க, சிரிப்பு அடங்கியது.

"எலும்பு பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது?"

"ஒண்ணும் தெரியாதுங்க."

அப்பா செத்த அன்றுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு காலியாகவில்லை.

"அப்படீன்னா" என்று வக்கீல் நீதிபதி பக்கம் லேசாகத் திரும்பிக்கொண்டு கேட்டார், "அந்தம்மா தானா வழுக்கி விழுந்தாங்களா, யாராவது அடிச்சாங்களான்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையைப் பார்த்துத் தெரியாதுங்க. என் தம்பி சொன்னான்."

வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். நீதிபதி பேனாவை எடுத்துவிட்டதால் வக்கீல் கேட்கவேண்டியதாயிற்று. "என்ன சொன்னார்?"

"'கை ஓங்கிட்டேன் அக்கா, அவ குறுக்கால கையை வச்சுட்டா, சீக்கிரம் கட்டி விடு'ன்னான். அதுக்கு முந்தின தடவை, 'பிடிச்சு இழுத்ததுல தோள் கழண்டுக்கிச்சு'ன்னான். ரெண்டு தடவையும் நான் துணி சுத்தறப்ப அவன்தான் அவளை அசையாம பிடிச்சுக்கிட்டான்."

தையல்காரி தலையைத் தூக்கவே இல்லை. தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை ஏன் அப்பவே யார்கிட்டயும் சொல்லல?" என்று நீதிபதி கேட்டார்.

"யாரும் கேக்கலீங்க. நானும் வாயைத் திறக்கல. கட்டி விட்டா சரியாயிடும்னு இருந்துட்டேன்."

உத்தரவு வர மேலும் சில மாதங்கள் ஆயின. தையல்காரி அந்த வீட்டிலேயே இருக்கலாம், புருஷன் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று தீர்ப்பு. தம்பி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு மில்லின் ஷெட்டுக்குப் போனான். போகும்போது அக்காவிடம் எதுவும் பேசவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அதே வாரம் சுகாதார ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். புகார் வந்திருக்கிறது, யார் கொடுத்தது என்று சொல்ல முடியாது என்றார்கள். எண்ணெய்ப் பாட்டில்களை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, இனி வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். முக்காலியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

தையல்காரி கதவைத் திறந்து உள்ளே வந்த அன்று, கட்டுக்காரி தன் பெட்டியைத் தயாராக வைத்திருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயாவது. இது உன் வீடுன்னு சொல்லிட்டாங்கல்ல."

தையல்காரி களைத்துப்போயிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "உள்ள வைங்க அண்ணி. எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்ல."

அதை மன்னிப்பு என்று கட்டுக்காரி எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியை உள்ளே வைத்தாள். அதன்பின் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், அவசியத்துக்குப் பேசினார்கள். மாவுக்கட்டை எப்போதோ பிரித்துவிட்டிருந்தார்கள், ஆனாலும் தையல்காரியின் இடது உள்ளங்கை முழுசாக மேலே திரும்பவில்லை. பாதியில் நின்றுவிடும். காலர் வைக்க வராது. கடையிலிருந்து சட்டைகளை வாங்கி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். கட்டுக்காரி அந்தக் கையைத் தினமும் பார்த்தாள். நீவி விடட்டுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

வாசலுக்குக் கூட்டம் வருவது நின்றுவிட்டது. எப்போதாவது ஒன்றிரண்டு பேர் பின்பக்கமாக வந்தார்கள். "தெரியாதுன்னு சொன்ன அம்மா வீடு இதுதானா?" என்று கேலி பேசிக்கொண்டே காலை நீட்டுவார்கள். சுளுக்கு என்றால் பார்ப்பாள். மற்றதுக்கு ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவாள்.

ஒரு மத்தியானம் அடுத்த தெருவில் துணி தேய்க்கிறவள் பின்கதவைத் தட்டினாள். முன்கையை ஈரத் துண்டால் சுற்றியிருந்தாள்.

"தண்ணி கிடந்ததைப் பாக்காம வழுக்கிட்டேன்க்கா."

கட்டுக்காரி துண்டை விலக்கி விரலை ஓட்டினாள். மணிக்கட்டில் ஒன்றுமில்லை. முழங்கையில் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் பக்கத்தில், நடுவில் விரல் வந்ததும் அந்தப் பெண் பல்லைக் கடித்தாள்.

"யாரு?"

"வழுக்கித்தான்..."

"யாருன்னு கேட்டேன்."

கட்டுக்காரி துண்டை மறுபடி மூடினாள். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. படம் எடு. எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க, உள்ளதைச் சொல்லு. அப்புறம் வா, நான் நீவி விடறேன்."

"அங்க போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாலத்துக்கு அந்தாண்ட ஒருத்தர் கட்டுறாராம். அவர் ஒண்ணும் கேக்க மாட்டாராம். நீங்க பெரிய வக்கீல் மாதிரி..." முடிக்காமல் கையை அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

முறிந்த கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பியது கட்டுக்காரிக்கு அதுதான் முதல் தடவை. உள்ளங்கை இரண்டையும் மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜன்னலோரத்தில் தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போவாளா?"

"மாட்டா."

தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். எழுந்து செருப்பைத் தேடினாள். "அடுப்புல பருப்பு கொதிக்குது. பொங்கிடாம பாத்துக்கங்க."

கட்டுக்காரி கதவருகே வந்து நின்று பார்த்தாள். தெருமுனையில் தையல்காரி அந்தப் பெண்ணை எட்டிப் பிடித்துவிட்டாள். கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சவில்லை. கூடவே நடந்தாள். பாலத்துக்குப் போகிற வழியும் பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியும் பிரிகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். தையல்காரி தன் இடது கையை நீட்டி ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் அடுப்படியில் தீய்ந்த வாசனை வந்தது. கட்டுக்காரி உள்ளே ஓடினாள். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது தெரு காலியாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் தையல்காரி திரும்பி வந்தாள். அலைந்த களைப்பு. சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

"படம் எடுக்கற மிஷின் ரிப்பேராம். நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டாங்க."

"சீட்டுல எழுதினாங்களா?"

"எழுதினாங்க. வழுக்கி விழுந்ததுன்னு அவ சொல்ல வாயெடுத்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. உள்ளதைச் சொல்லிட்டா."

"நாளைக்குப் போவாளா?"

"தெரியல அண்ணி. அங்க ஒரு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. கை ஆடாம இருக்க எதுவும் போடல. வலி தாங்கல அவளுக்கு. வீட்டுக்குப் போகவும் பயப்படறா." வாசல் பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்க."

அந்தப் பெண் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முகம் வேர்த்து வடிந்திருந்தது. மத்தியானக் கோபம் எதுவும் அதில் மிச்சமில்லை. கட்டுக்காரி பரண் மேலிருந்து துணியை எடுத்தாள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு இரண்டு தப்பைகளையும் எடுத்தாள். முட்டையும் உடைக்கவில்லை, எண்ணெயும் சுட வைக்கவில்லை. எலும்பு எப்படிக் கிடந்ததோ அப்படியே விட்டுவிட்டு, அசையாமல் மட்டும் தாங்குகிற மாதிரி துணியைத் தளர்வாகச் சுற்ற ஆரம்பித்தாள். பாதியில் கைவிரல்கள் பழக்கத்தில் எலும்பை நிமிர்த்தப் போயின. நிறுத்திக்கொண்டாள்.

"காலையில அவங்களே அவிழ்க்கிற மாதிரிதான் கட்டுறேன். நான் எதையும் நேராக்கல. உள்ளது உள்ளபடியே படத்துல விழட்டும்."

தையல்காரி பாயை உதறி முன்னறையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குமாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கட்டுக்காரி முடிச்சை எளிதில் அவிழ்கிற மாதிரி போட்டாள்.

"விடியற வரைக்கும் வலிக்கும்மா" என்றாள்.